பச்சை தெரியக் கூடாது

போன ஐப்பசியில் எங்கள் ஊரில் மழை பெய்யவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் பெய்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். இருக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

நான் வள்ளித்தாய். பசுவந்தனைக்குக் கிழக்கே நாச்சியூரணியில் வார்டு உறுப்பினர். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. "இவளுக்குத்தான் வாய் இருக்கு, இவளே நிக்கட்டும்" என்று ஊர்தான் என்னை நிறுத்தியது. ஜெயித்த நாளிலிருந்து அந்த வாயைக் கொஞ்சம் மூடு என்று சொல்வதே அதே ஊருக்கு வேலையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் பூவனலிங்கம் எனக்கு நேர் எதிர். ஆடுகளோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேச மாட்டார். எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் பிஞ்சை நிலம் உண்டு. என்றாலும் சோறு போடுவது செம்மறி மந்தைதான். பிஞ்சை ஒரு வருஷம் கொடுக்கும், மூன்று வருஷம் கையை விரிக்கும்.

புரட்டாசியில் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரு செய்தி வந்தது. வடகிழக்குப் பருவமழை இந்தப் பகுதியில் இயல்பை ஒட்டியே இருக்குமாம். கரிசல் காட்டில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுவதுதான் வழக்கம். மழை விழுந்த பிறகு இந்த மண்ணில் காலை வைத்தால் கால் திரும்பி வராது, டிராக்டரும் இறங்காது. அதனால் அந்தச் செய்தியை நம்பி ஊரே உளுந்தும் சோளமும் விதைத்தது. விதையை உசுப்பிவிடுகிற அளவுக்கு ஒரே ஒரு மழை பெய்தது. முளை வெளியே வந்தது. அதோடு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. கார்த்திகையில் கறுத்துக்கொண்டு வந்த மேகமெல்லாம் எங்கள் தலைக்கு மேலாகவே நடந்துபோய்க் கடற்கரைப் பக்கம் கொட்டியது. தூத்துக்குடியில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று டிவியில் காட்டினார்கள். நாங்கள் அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அந்தத் தண்ணீரையும் எங்கள் புழுதியையும் சேர்த்துப் போட்டுக் கலக்கினால் இயல்பான மழை வந்துவிடுகிறது. நல்ல கணக்கு!

தை பிறந்தபோது சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. ஒரு குட்டியின் கால் வெடிப்புக்குள் இறங்கி முறிந்தே போயிற்று. இந்த மாதிரி வருஷங்களில் மந்தையை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிப் பக்கத்து வயல்காடுகளுக்குப் போய்விடுவோம். இந்த முறை மலையிலும் மழை இல்லை, அணையிலும் தண்ணீர் இல்லை. அங்கே உள்ளவர்கள், "வந்துராதீங்க, எங்க மாட்டுக்கே இல்ல" என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். பிர்கா என்று பல ஊர்களைச் சேர்த்து ஒரு வட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிர்காவை வறட்சி பாதித்ததாக அறிவித்தால் தீவனக் கிடங்கு திறப்பார்கள். கடலைக்கொடியும் சோளத்தட்டையும் மலிவாகக் கிடைக்கும். கிடைத்தால் எங்கள் மந்தை அடுத்த மழை வரைக்கும் உயிரோடு இருக்கும். கிடைக்காவிட்டால் இருக்காது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க வேறு பேச்சே இல்லை.

அப்போதுதான் ஒருநாள் காலையில், வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஒரு பையன் நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி இருக்காது, வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. எங்கள் மந்தை அங்கேதான் ஒதுங்கியிருந்தது. நான் நேராகப் போய், "தம்பி யாரு? என்னத்தப் படம் பிடிக்குதீங்க?" என்றேன்.

"அக்கா, நான் ஹரிஹரசுதன். கோவில்பட்டியில வறட்சிக் கணக்கு எடுக்குத ஆபீஸ்ல இருந்து வாரேன். சாட்டிலைட் படத்துல இந்த இடத்துல ஒரு புள்ளி குடுத்திருக்காவ. அந்தப் புள்ளியில என்ன இருக்குன்னு நேர்ல பாத்துட்டு வரணும்."

"ஒண்ணுமே இல்ல. அப்படியே எழுதிக்கிட்டுப் போங்க."

சிரித்துவிட்டான். நல்ல பையன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். மறைக்காமல் கைப்பேசியில் படத்தையே காட்டினான். விளாத்திகுளம் பக்கமெல்லாம் சிவப்பு. எங்கள் பிர்கா பச்சைப் பசேலென்று கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"ஏன்யா, உங்க சாட்டிலைட்டுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? இங்கன எங்கன இருக்கு பச்சை?"

அவன் முன்னால் கையை நீட்டினான். கண்மாய் நிறையச் சீமைக்கருவேலம். நாங்கள் முள்ளு என்றுதான் சொல்வோம். கரையிலும் அதுதான், ஓடையிலும் அதுதான், உழாமல் போட்ட பிஞ்சையிலும் அதுதான். தினமும் பார்த்துப் பார்த்து அதற்கு ஒரு நிறம் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

"அதோட வேரு எம்புட்டு ஆழம் போகும்னு உங்களுக்குத் தெரியாததா அக்கா? மழையே இல்லாட்டியும் அது பச்சையாத்தான் நிக்கும். மேல இருந்து பாக்கும்போது இது சோளம், இது முள்ளுன்னு பிரிச்சுத் தெரியாது. பச்சைன்னா பச்சைதான். நானும் எழுதத்தான் செய்யுதேன். ஆபீஸ்ல கேக்கணும்லா."

என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அடுத்த படம் எப்பம் எடுப்பாவ, தம்பி?"

"மாசிக் கடைசியில எடுக்குத படத்த வச்சுத்தான் லிஸ்ட் போடுவாவ, அண்ணாச்சி."

சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊற்றும்போதுதான் தெரிந்தது.

"கம்மாயில உள்ள முள்ளப் பூராம் வெட்டிரணும்."

"எதுக்கு?"

"பச்சை தெரியக் கூடாது."

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா? பங்குனி பொறந்தா முள்ளுல காய் முத்தி நெத்து விழும். நம்ம ஆடு இந்தக் கோடையத் தாண்டுனா அந்த நெத்தத் தின்னுதான் தாண்டணும். நிழலு வேற அங்கனதான் இருக்கு. அதையும் வெட்டிட்டு ஆட்ட என்ன, நம்ம வீட்டு அடுப்படிக்குள்ளயா கெட்டப் போறீங்க?"

"நெத்து எத்தன நாளைக்கு வரும்? ஒரு மாசம் வருமா? கிடங்கத் தொறந்துட்டா மழை வரைக்கும் கவலை இல்ல."

"தொறக்காட்டி?"

"வெட்டுனாத் தொறக்கும்ட்டி. அந்தத் தம்பி சொன்னத நீயுந்தானே கேட்ட?"

கேட்டேன். ஆனால் அந்தத் தம்பி மரத்தை வெட்டு என்று சொல்லவில்லை. பச்சை எங்கே இருக்கிறது என்றுதான் சொன்னான். இந்த வித்தியாசத்தை நான் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டார்.

மறுநாள் காளியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பிறந்ததிலிருந்து கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர் எழுந்து நின்று பேசினார். நாலே வார்த்தைதான் பேசியிருப்பார். நான் பேசியிருந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுத்திருப்பார்கள். அவர் பேசியதும் கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த நெத்தை நம்பிப் பிழைக்கிற ஆட்டுக்காரனே வெட்டச் சொன்னால், அதற்கு மேல் யார் மறுப்பது? நான் மறுத்தேன். எழுந்து நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

"வீட்டுக்காரரு ஒரு கட்சி, பொண்டாட்டி ஒரு கட்சி. கூட்டத்த உங்க வீட்டுலயே வச்சு முடிச்சிருக்கலாம்லா" என்றாள் பக்கத்து வீட்டு சந்தனமாரி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முடிவும் ஆகிவிட்டது. கண்மாய் மராமத்துக்குச் செய்வதுபோல வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். வராத வீட்டுக்குக் கோயில் கொடைத் திருவிழாவில் மரியாதை கிடையாது. வார்டு உறுப்பினர் வீடு என்ன செய்யும்? எங்கள் வீட்டு ஆள்தான் முதல் ஆளாக நின்றது.

செய்தி எப்படித்தான் போனதோ, விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டு, விறகைக் கரியாக்கி விற்கிற காளிராஜ் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "வெட்டுனத நான் அள்ளிக்கிடுதேன், அண்ணாச்சி. நீங்க எதுக்கும் அலைய வேண்டாம்" என்றார். வலியத் தேடிவந்து உதவி செய்கிறவரை எனக்கு எப்போதுமே பிடிக்காது. தூரோடு தோண்டிவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். அதற்கெல்லாம் நேரம் இல்லை, மாசிக் கடைசிக்குள் பச்சை போனால் போதும் என்று தரையோடு தரையாக வெட்டினார்கள்.

முதல் வெட்டு என் வீட்டுக்காரர் வெட்டியது. கிளை விழுந்ததும் மந்தை ஓடிவந்து பாதி முற்றிய நெத்துகளை மொய்த்துக்கொண்டது. அன்றைக்கு ஆடுகள் வயிறு முட்டத் தின்றன. பார்த்தாயா என்கிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த ஆடுகள் வயிறு நிறையத் தின்று நான் பார்க்கவில்லை.

கண்மாய் முடிந்து ஓடை, ஓடை முடிந்து ரோட்டோரம், பிறகு தரிசு. கரிமூட்டப் புகை நாள் முழுக்க ஊருக்குள் கிடந்தது. குழந்தைகள் எல்லாம் இருமின. எங்கள் கண்மாயின் அக்கரையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அங்கே முள்ளைத் தவிர எதையும் பார்த்ததில்லை. ஊருக்கே ஒரு வெறி வந்துவிட்டது. வீட்டு முருங்கையை வெட்டலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். "வள்ளியக்கா, பச்சைச் சேலையக் கொடியில காயப் போடலாமா, போடக் கூடாதா? மெம்பர் நீங்கதானே சொல்லணும்" என்று சந்தனமாரி என்னிடம் வம்பு வளர்த்தாள். அவளிடம் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தேன்.

பங்குனியில் வெயில் ஏறியது. மந்தைக்குப் பழக்கம் விடவில்லை. உச்சி வெயிலுக்குத் தானாகவே கண்மாய்க்குள் போய், வழக்கமாக நிழல் இருந்த இடத்தில் போய் நின்றுகொள்ளும். அங்கே வெறும் தூர்தான் இருந்தது. ஆடுகள் நெருக்கிக்கொண்டு நின்று, ஒன்றின் வயிற்றுக்கடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொள்ளும். தலைக்காவது நிழல் வேண்டுமே. வெளியே நிற்கிற ஆட்டுக்கு அதுவும் கிடையாது. அது சுற்றிச் சுற்றி வந்து இடம் தேடும். என் வீட்டுக்காரர் துண்டை விரித்து அதன் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார். எத்தனை ஆட்டுக்கு ஒரு துண்டு?

பட்டியல் வந்தது. விளாத்திகுளம் பக்கத்துப் பிர்காக்கள் இருந்தன. எட்டயபுரம் பக்கம் இருந்தது. எங்களுடையது இல்லை.

இரண்டு பேரும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினோம். ஹரிஹரசுதன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான். ஊர் முழுக்க முள்ளை வெட்டிய கதையை நான் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"எல்லாத்தையுமா வெட்டுனீங்க?"

"ஒண்ணு பாக்கி இல்ல."

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா அக்கா" என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினான். "இதான் உங்க பிர்கா. இந்தா, ஒவ்வொரு ஊருலயும் கம்மாய் பூராம் முள்ளுதான் நிக்கி. எல்லாத்தையும் சேத்துச் சராசரி எடுத்துத்தான் முடிவு பண்ணுதாவ. இதுல உங்க ஊரு ஒரு நகக்கண்ணு அளவுதான்."

என் வீட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "எங்க ஊரு எங்கன இருக்கு?"

அவன் பெரிதாக்கிக் காட்டினான். பச்சை. சுற்றியிருக்கிற ஊர்களைப்போல அச்சு அசலாகப் பச்சை.

"வெட்டிட்டமே, தம்பி" என்றார். குழந்தை சொல்கிற மாதிரி இருந்தது.

ஹரிஹரசுதன் கொஞ்சநேரம் எதையெதையோ தட்டினான். இன்னொரு படம் வந்தது. சொரசொரவென்று, முடிக்காத வேலை மாதிரியான படம். பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. என் வீட்டுக்காரர் மெதுவாக விரலை நீட்டி அதைத் தொட்டார்.

"இது நாமதான" என்றார். சிரித்தார். தை மாதத்திலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "பெறவு ஏன் அந்தப் படத்துல இல்ல?"

பையனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அண்ணாச்சி, சுத்திப் பூராம் பச்சையா இருக்கும்போது நடுவுல ஒத்தையா ஒரு புள்ளி மட்டும் சிவப்பா இருந்தா, அத மெசின் கோளாறுன்னு எடுத்துக்கிடும். தப்புன்னு அழிச்சுட்டு, பக்கத்துல உள்ள நெறத்தப் போட்டு நெரப்பிரும். யாரும் வேணும்னு செய்யுதது இல்ல. அது தானாவே செய்யும்."

பிறகு நான் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்பது மட்டும் தெரியும். ஒரு ஊரே முள்குத்துப் பட்டு, ரத்தம் வடிய வெட்டிக் காட்டினால் அது கோளாறு! உங்கள் மெசினுக்குக் கோளாறு வரவே வராது, எங்களுக்குத்தான் வரும், இல்லையா? நான் மூச்சு வாங்கியபோது அந்தப் பையன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. மறு ஆய்வு கேட்டு எழுதுதேன். நானே நேர்ல வந்து நாலு பக்கமும் படம் எடுத்து, இந்தப் புள்ளி தப்பு இல்ல, நெசம்தான்னு போடுதேன். உங்க ஊர மட்டும் தனியாச் சேக்கச் சொல்லிக் கேப்போம். உத்தரவு வந்ததும் வாரேன். நான் வாரன்னைக்கு அங்கன பச்சை இருக்கக் கூடாது. அது மட்டும் பாத்துக்கிடுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், பசுவந்தனை வந்தபிறகு வாயைத் திறந்தார். "நம்மளப் பாத்திருக்கு, வள்ளி. கண்ணு தெரியாம இல்ல. பாத்துதான் இருக்கு."

உத்தரவு வருகிற வழியாக இல்லை. ஆடுகள் விழ ஆரம்பித்தன. பனை ஓலையை நறுக்கிப் போட்டோம். சந்தனமாரி கோவில்பட்டியிலிருந்து ஒரு சாக்கு நிறையச் சுவரொட்டிக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தாள். பசையோடு சேர்த்து அதையும் தின்றன. தாய் ஆடுகளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, காலடியிலேயே படுத்துக்கொண்டன. காலையில் பட்டியைத் திறக்கும்போது எழுந்திருக்காத குட்டியை என் வீட்டுக்காரர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகை வரும்போதெல்லாம் அவரைத் திட்டினேன். அவர் திட்டு வாங்கிக்கொண்டார்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

கரிசல் காட்டில் எவனாவது மழையைப் பார்த்துப் பயந்ததுண்டா? நாங்கள் பயந்தோம். ஆட்களெல்லாம் தெருவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கண்மாய் நிறைகிற மழை என்றால் கும்பிட்டு வரவேற்றிருப்போம். இது கோடை மேகம். வரும், உரசிவிட்டுப் போகும், தூர்களை மட்டும் எழுப்பிவிடும். அந்தப் பையன் வேறு இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பட்டி வாசலில் நின்று, வடகத்தில் வாய் வைக்க வந்த காக்காயை விரட்டுகிற மாதிரி இரண்டு கையையும் வீசினார்.

"இப்பம் வேண்டாம். போ... போ..."

மழையை விரட்டுகிற ஆட்டுக்காரனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அந்த ஆளோடு வாழ்கிறேன்.

பெய்தது. புழுதி அடங்குகிற அளவுக்குப் பெய்தது. வெடிப்பு ஒன்றுகூட மூடவில்லை. தொட்டியில் உள்ளங்கை அளவு தண்ணீர் நின்றது. ஆடுகள் வரிசையாக நின்று, நனைந்த சுவரை நக்கின. சுண்ணாம்பு போய் மண் தெரிகிறவரைக்கும் நக்கின.

சீக்கிரத்திலேயே தூர்கள் எல்லாம் துளிர்த்துவிட்டன. கண்மாய் முழுக்கத் தளதளவென்று புதுப் பச்சை. ஆடுகள் ஓடிப்போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன. நெத்தைத்தான் தின்னும், இந்தத் தழையில் வாய் வைக்காது. தின்னவும் ஆகாத பச்சை, எங்களைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே முளைத்த பச்சை. விடிந்ததும் என் வீட்டுக்காரர் அருவாளை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே வீட்டுக்கு ஒரு ஆள் போனது. யாரும் கூட்டம் போடவில்லை, மைக்கில் சொல்லவில்லை. தானாகவே போனார்கள். அறுக்க அறுக்கத் துளிர்த்தது. அருவாளுக்குச் சிக்காததைக் கையாலேயே உருவினார்கள்.

ஒருவழியாக ஹரிஹரசுதன் வந்தான். கண்மாய் மொட்டையாகக் கிடந்தது. நாலு பக்கமும் படம் எடுத்தான். ஆடுகள் தலையை நுழைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் கைப்பேசியை இறக்கிவிட்டான்.

"அதையும் சேத்து எடுங்க தம்பி" என்றேன்.

"எடுத்துட்டேன் அக்கா." போகும்போது என் வீட்டுக்காரரின் உள்ளங்கைகளைப் பார்த்தான். முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணாச்சி" என்றான். இவர், "கிடங்கு எப்பம் தொறப்பாவ?" என்று கேட்டார்.

பதில் போனில் வந்தது. "அக்கா" என்றான், அதோடு நிறுத்திவிட்டான். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "அன்னைக்குப் பெஞ்ச மழை மத்த எடங்கள்ல நல்லாப் பெஞ்சிருக்கு. பகுதிக்குக் கோடை மழை இயல்புக்கு மேலன்னு கணக்கு வந்துட்டு. மறு ஆய்வு எல்லாத்தையும் முடிச்சுட்டாவ. நான் எடுத்த படத்தையும் பாத்தாவ அக்கா. இனி ஒண்ணும் செய்யதுக்கில்லன்னுட்டாவ."

திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். சரி தம்பி, வச்சிருதேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நிற்க முடிந்த ஆடுகளை எட்டயபுரம் சந்தைக்கு ஏற்றினோம். கறிக்குத்தான். வேறு யார் வாங்குவார்கள்? ஆடுகளுக்கு லாரியில் தாவி ஏறத் தெம்பு இல்லை. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, வெறுந்தோலத் தூக்கிக் குடுக்குதீக" என்றார் லாரிக்காரர். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கடைசி ஆட்டைக் கொடுத்துவிட்டு இவர் கையைத் துடைத்துக்கொண்டார். லாரி போகிற வரைக்கும் நிற்காமல் பட்டிக்குள் போய்க் கூட்ட ஆரம்பித்துவிட்டார். காலிப் பட்டியைக் கூட்டினார். நான் அவர் பக்கத்தில் போகவில்லை. போயிருந்தால், அன்னைக்கே சொன்னேனே என்று வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். அருவாளையும் காணோம். தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினேன்.

கண்மாய்க்குள் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். திரும்பவும் துளிர்த்திருந்ததை ஒவ்வொரு தூராக அறுத்துக்கொண்டிருந்தார். ஊர் ஆள் ஒருவரும் இல்லை. அந்தப் பெரிய கண்மாயில் அவர் மட்டும்தான்.

"என்னத்தச் செய்யுதீங்க? இனி யாருக்கு இது? ஆடே இல்லியே!"

நிமிராமல் சொன்னார். "பச்சை தெரியக் கூடாது, வள்ளி."

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே."

"ஒருக்கா பாத்துத் தப்புன்னு அழிச்சுட்டாவ." அருவாளால் மேலே காட்டினார். வானம் வெறுமையாகக் கிடந்தது. "திரும்பத் திரும்ப அப்படியே தெரிஞ்சா அழிக்க மாட்டாவல்லா? ஒருநாளாவது நம்புவாவல்லா?"

கோட்டி பிடித்த மனுஷா, வீட்டுக்கு வாரும் என்று கையைப் பிடித்து இழுக்கத்தான் போனேன். தொட்டதும் அவர் உள்ளங்கை கொதித்தது. பழைய புண்ணுக்கு மேலே புதுசாக முள் ஏறியிருந்தது. அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் அறுத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குப் போனேன். தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றினேன். கதவுக்குப் பின்னால் இருந்த இன்னொரு அருவாளையும் எடுத்துக்கொண்டேன். கஞ்சியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் அக்கரையிலிருந்து அறுக்க ஆரம்பித்தேன்.